ஃபால்கன் மாடலுக்குப் பாகம் வாங்கி 640 பவுண்டு போனது. தயவுசெய்து படியுங்கள்

இன்று காலை அந்தக் கடைக்காரர் என்னை பிளாக் செய்துவிட்டார். 640 பவுண்டு. கை நடுங்குகிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். மாடல் கட்டும் நம் ஆட்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் அங்கே ஆர்டர் கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள்.

நானும் மகளும் லண்டன் ஹாரோவில் எங்கள் வீட்டு கராஜில் ஒன்றரை வருஷமாக மில்லெனியம் ஃபால்கன் விண்கப்பலின் மாடலைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். 1977 ஸ்டார் வார்ஸ் படத்துக்குச் செய்த மாடலின் அளவு, ஏறத்தாழ ஐந்தடி. அந்தக் கப்பல் மேலே ஒட்டியிருக்கிற குழாய், பெட்டி, மூடி போன்ற பொடிச் சாமான்களில் பெரும்பாலானவை, அன்று கடையில் விற்ற டாங்கி, கார், விமான மாடல் பெட்டிகளிலிருந்து எடுத்து ஒட்டியவைதான். அந்தப் பழைய பெட்டிகளை இன்று தேடிப் பிடித்தாலும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் ரெசினில், அதாவது அச்சில் ஊற்றினால் இறுகிவிடும் ஒரு பிளாஸ்டிக்கில், வார்த்த நகல்களை வாங்குகிறோம். இந்த ஆள் நடத்துவதும் அப்படிப்பட்ட பாகங்கள் விற்கும் ஓர் இணையக் கடைதான். அடிப்பக்கம் முழுவதற்கும் 140 பாகங்கள் என்று விலை சொன்னார்.

நான் நம்பியது எந்த இடத்தில் தெரியுமா? போனில் அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்களுக்கு மூன்று காலா, ஐந்து காலா?"

இதற்காக நாம் எத்தனை ராத்திரி சண்டை போட்டிருக்கிறோம்! 1977 படத்தில் கப்பலுக்கு இறங்குகால் மூன்றுதான். 1980இல் வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்'கில் இன்னும் இரண்டு சேர்ந்து, அடிவயிற்றில் அந்தக் கால்களுக்கான பெட்டிகளும் ஐந்தாகிவிட்டன. சும்மா படம் பார்த்தவருக்கு இது தெரியாது. அவர் அதோடு விடவில்லை. முதல் படத்துக்கு எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் நிஜ அளவு செட்டாகப் பாதிக் கப்பல்தான் கட்டினார்கள், அடுத்த படத்துக்குத்தான் வேல்ஸில் பெம்ப்ரோக் டாக்கில் முழுசாகக் கட்டினார்கள் என்றார். அந்தப் படத்துக்கு 32 அங்குலத்தில் இன்னொரு சின்ன மாடல் செய்ததையும் சொன்னார். எல்லாமே சரி. ஒரு மணி நேரம் பேசினோம். இவ்வளவு ஆசையாகத் தெரிந்து வைத்திருப்பவர் ஏமாற்ற மாட்டார் என்று மனசு சொல்லிவிட்டது.

கடைசியில்தான் சொன்னார், "கடைப் பக்கம் வழியாகக் கட்டினால் கமிஷன் போகும். நண்பருக்கு அனுப்புவதுபோல் அனுப்பிவிடுங்கள், 40 பவுண்டு குறைத்துக்கொள்கிறேன்." 680ஐ 640 ஆக்கினார். அனுப்பினேன்.

ஆறு வாரம் என்றது பதினான்கு வாரம் ஆனது. முதலில் சிலிக்கோன் அச்சு கிழிந்துவிட்டது என்றார். அப்புறம் குளிரில் ரெசின் இறுகவில்லை. அப்புறம் ஒரு டிராக்கிங் எண் வந்தது. லேபிள் மட்டும் போட்டு வைத்திருந்தார், பார்சல் கிளம்பவே இல்லை. கடைசியில் பெட்டி வந்தபோது உள்ளே 11 பாகங்கள். 140க்குப் பதினொன்று! அதில் ஆறு பாகங்கள் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகின்றன. மீதி முழுக்கக் காற்றுக்குமிழி, ஒன்று வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கிறது. கேட்டதற்குப் பதில்: "வெந்நீரில் போட்டு நிமிர்த்துங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்." ரெசினை வெந்நீரில் நிமிர்த்தலாம் என்பது எனக்கும் தெரியும். வராத 129 பாகங்களை எந்த வெந்நீரில் போடுவது?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சரி பார்க்கிறேன்" இரண்டு தடவை. "கணக்குப் பார்ப்பவர் லீவில் இருக்கிறார்" ஒரு தடவை. அப்புறம் மௌனம்.

நேற்று ராத்திரி, அவர் முதலில் அனுப்பிய போட்டோவைத் திரும்பப் பார்த்தோம். "உங்களுடைய மூன்று கால் செட், என் மேசையில் தயாராகிறது" என்று எழுதி அனுப்பியது. மகள்தான் பெரிதாக்கி எண்ணினாள். ஐந்து பெட்டி. யாரோ ஒரு மனிதர் பொறுமையாகக் கட்டிய வேறு கப்பலின் படத்தைத் திருடி அனுப்பியிருக்கிறார். பணத்தை விட இதுதான் எனக்கு ஆறவில்லை. காலையில் அதைக் கேட்டு ஒரு வரி அனுப்பினேன், உடனே பிளாக்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. நண்பருக்கு அனுப்பும் வழியில் பொருளுக்குக் காசு அனுப்பாதீர்கள், அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது. பிரிட்டனில் இருப்பவர்கள் 100 பவுண்டுக்கு மேல் என்றால் கிரெடிட் கார்டில் கடைக்கே நேராகக் கட்டுங்கள். 1974 நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவில் கார்டு நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. போட்டோ கேட்டால், இன்றைய தேதியும் உங்கள் பெயரும் எழுதிய சீட்டைப் பாகங்களுக்குப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பெட்டிகளை எண்ணுங்கள்.

ஆர்டர் கொடுக்க இருப்பவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், கடை எது என்று சொல்கிறேன். 640 பவுண்டு. இப்போது வங்கிக்குப் போன் போட வேண்டும்.