முதுகெலும்புக் கட்டி ஆபரேஷனுக்கு முன்: துகளா, பசையா, காயிலா?

சிறுநீரகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டால், ஆபரேஷன் செய்பவருக்கு முதல் கவலை ரத்தம்தான். கட்டி முழுக்க ரத்தக் குழாய்கள். கை வைத்ததும் கொட்டும். தைராய்டு புற்றுநோய் பரவினாலும் இதே கதை. அதனால் ஓரிரு நாள் முன்பே தொடைத் தமனி வழியாகக் கேத்தீட்டர் என்ற மெல்லிய வளையும் குழலைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் குழாய்களை அடைத்துவிடுகிறார்கள். பெயர் எம்பொலைசேஷன். எதை வைத்து அடைப்பது?

பல இடங்களில் முதல் தேர்வு பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) என்ற பிளாஸ்டிக் துகள்கள். விலை குறைவு, ரத்த ஓட்டமே அவற்றைக் கட்டிக்குள் இழுத்துப்போகும். ஆனால் எக்ஸ்ரேயில் துகள் தெரியாது. கூடவே கலந்துவிட்ட, எக்ஸ்ரேயில் தெரியும் கான்ட்ராஸ்ட் மருந்து மந்தமாகித் தேங்குவதைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். துகள் பொடியாக இருந்தால் ஆழமாகப் போகும். போகக் கூடாத இடத்துக்கும் போகும்.

காயில் என்பது சின்ன உலோகச் சுருள். அதை நினைத்த இடத்தில் வைக்கலாம். ஆனால் அது அடைப்பது தாய்க்குழாயை மட்டும். கட்டி பக்கத்துக் குழாயிலிருந்து ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். மறுபடி அதே வழியில் நுழையவும் முடியாது. தனியாகக் காயிலை நம்புவது வீண் என்றே சொல்வேன். நல்ல தசைக்குப் போகும் கிளையைக் காயிலால் மூடிவிட்டுத் துகளை விடுவது வேறு விஷயம், அது புத்திசாலித்தனம்.

பசையும், ஆனிக்ஸ் என்ற மெல்ல உறையும் மருந்தும் திரவ ரகம். ஆழமாக இறங்கும், திரையிலும் தெரியும். பசை ரத்தம் பட்டதும் நொடிகளில் இறுகும். தாமதித்தால் கேத்தீட்டரே ஒட்டிக்கொள்ளும். ஆனிக்ஸ் நிதானமானது, ஆனால் விலை அதிகம். அதிலுள்ள கரைப்பான் குழாயில் வலியைக் கிளப்பும்.

எதை எடுத்தாலும் முதலில் தேட வேண்டியது ஆடம்கீவிச் தமனியை. தண்டுவடத்தின் கீழ்ப்பாதிக்கு முக்கிய ரத்த வழி அது. பெரும்பாலும் இடப்பக்கம், கீழ் மார்பு அல்லது மேல் இடுப்பு மட்டத்தில் கிளம்பும். ஆஞ்சியோகிராமில் (ரத்தக் குழாய்களின் எக்ஸ்ரே படத்தில்) கொண்டை ஊசி போல மேலேறி வளைந்து இறங்கும். அது அடைபட்டால் இரண்டு காலும் செயலிழந்துவிடலாம். கட்டிக்குப் போகும் குழாயிலிருந்தே அது கிளம்பினால், அந்தக் குழாயைத் தொடாமல் விடுவதே வழக்கம்.

எல்லாக் கட்டிக்கும் இந்தப் பாடு தேவையா? டென்மார்க்கில் 45 பேரிடம் நடந்த, 2015-ல் வெளியான ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் ரத்த இழப்பில் உறுதியான வித்தியாசம் இல்லை. ரத்தக் குழாய் மிகுந்த கட்டிகளில் மட்டும் பலன் தெரிந்தது. மற்றவர்களுக்கு ரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மருந்து, தயாராக வைத்த ரத்தம், வேகமான கை போதும் என்பது என் கணிப்பு. நோயாளியின் கால்கள் மணிக்கு மணி பலமிழந்துகொண்டிருந்து, எம்பொலைசேஷன் செய்யும் கேத் லேப் காலையில்தான் திறக்கும் என்றால், காத்திருக்காமல் ஆபரேஷனுக்குப் போவதே மேல்.