ஆஃபரா, பாட்டிலா, சீட்டா? செக்கு எண்ணெய ஆன்லைன்ல வித்து நான் பாத்தது

காங்கேயம் பக்கத்துல எங்களுக்கு ஒரு சின்ன மரச்செக்கு இருக்குதுங்க. நேர்ல வந்து வாங்குறவங்க போக, நாலு வருசமா வாட்ஸ்அப்லயும் இன்ஸ்டாவுலயும் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் அனுப்பிட்டிருக்கேன். கடைத்தெரு விலைய விட கூட இருக்கற ஒரு பொருள, மோந்து கூட பாக்க முடியாத ஒருத்தருக்கு "இது இந்த காசுக்கு தகும்"னு எப்படி தோண வைக்கிறதுன்னு மூணு வழிய கைக்காசு போட்டே பாத்துட்டேன். விலைய அடிச்சுக் காட்டி ஆஃபர் போடுறது ஒண்ணு, கண்ணாடி பாட்டில் டப்பான்னு பளபளன்னு அனுப்புறது ரெண்டு, விலைய தொடாம ஆட்டுன விவரத்த ஒரு சீட்டுல எழுதி கூடவே வெக்கிறது மூணு. நான் இப்ப மூணாவதுலதான் நிக்கிறேன், அதனால அந்தப் பக்கமே சாஞ்சு பேசுவேன், அத மனசுல வெச்சுட்டு படிங்க.

பாட்டில் கதைய சீக்கிரம் முடிச்சிடுறேன். போட்டோ சூப்பரா வரும், தீபாவளிக்கு யாருக்காவது குடுக்கறதுக்கு கேப்பாங்க, அதுக்கு நல்லது. ஆனா பெரும்பாலான கொரியர்ல எடைய மட்டும் பாக்கறதில்ல, டப்பாவோட நீளம் அகலம் உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000 ஆல வகுத்து, அதுவும் நெஜ எடையும் ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் காசு. உடையாம இருக்க சுத்தியும் தெர்மாகோல் அடைச்சா என் டப்பா 20க்கு 20க்கு 35 ஆயிடுச்சு, கணக்கு போட்டா 2.8 கிலோ. உள்ள இருக்கற ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம்தான்! போதாததுக்கு வெளிச்சம் பட்டா எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், பளிங்கு மாதிரி இருக்கற கண்ணாடி அத தடுக்காது. டின்னுக்கு மாறிட்டேன்.

ஆஃபர்தான் பெரிய விசயம். முதல்ல அடக்கத்த பாருங்க. எள்ளு கிலோ 160னு வெச்சுக்கங்க, ஒரு லிட்டருக்கு எங்க செக்குல ரெண்டரை கிலோ போகுது, அதுவே 400. எள்ளோட சேத்து ஆட்டுற கருப்பட்டி, கரண்டு, ஆள் கூலி, டின்னு, லேபிள் எல்லாம் சேத்தி ஒரு 100. புண்ணாக்கு வித்து 60 திரும்ப வரும். ஆக 440. நான் 560க்கு குடுத்துட்டிருந்தேன், கொரியர் தனி. ஆடி மாசம் எல்லாரும் போடுறாங்களேன்னு நானும் 799னு போட்டு அத அடிச்சு 499, கொரியர் ஃப்ரீனு விட்டேன், கொரியர் காசையும் சேத்தா ஒரு டின்னுக்கு கையில இருந்துதான் போச்சு, ஆனா புதுசா ஆள் பிடிக்கிற செலவுன்னு நெனச்சு மனச தேத்திக்கிட்டேன். ஆர்டர் வந்துச்சு, இல்லைங்கல. ஒரே வாரத்துல 60 டின்னுக்கு மேல.

எண்ணெய் வியாபாரத்துல முதல் ஆர்டர்ல ஒண்ணும் இல்லைங்க, ரெண்டாவது ஆர்டர்லதான் எல்லாம் இருக்கு. ஒரு லிட்டர் நல்லெண்ணெய் ஒரு வீட்டுக்கு ஒண்ணு ஒன்றரை மாசம் ஓடும், அப்புறம் திரும்ப வந்தே ஆகணும். வந்தாங்க, எப்படின்னா "அக்கா அடுத்த ஆஃபர் எப்ப?"ன்னு. 560னு சொன்னா "அன்னிக்கு 499தானே, ஏன் ஏத்திட்டீங்க?" நான் எதையும் ஏத்தல. ஆனா அவங்க மனசுல இந்த எண்ணெயோட விலை 499னு பதிஞ்சுபோச்சு, நான் அடிச்சுக் காட்டுன 799ஐ ஒருத்தரும் நம்பல. அந்த அறுபதுல திரும்பி வந்து முழு விலைக்கு வாங்குனவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். அத விட வலிச்சது வேற. மூணு வருசமா முழு விலைக்கு வாங்கிட்டிருந்த ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருத்தங்க ஸ்டேட்டஸ பாத்துட்டு போன் பண்ணி "ஏன் கண்ணு, அப்ப இத்தன நாளா எங்ககிட்ட சேத்தி வாங்கிட்டிருந்தியா?"ன்னு கேட்டாங்க. சாந்தமாத்தான் கேட்டாங்க. எனக்கு வாய் வரல.

அதுக்கப்புறம்தான் சீட்டு. உள்ளங்கை அகலத்துல ஒரு காயிதம், பேனாவுலதான் எழுதுறோம்: சிவகிரி ஏலத்துல எடுத்த சிவப்பு எள்ளு, ஆட்டுன தேதி, எத்தன நாள் தெளிய வெச்சோம், ரெண்டரை கிலோ எள்ளுக்கு ஒரு லிட்டர், தராசுல வெச்சா 910 கிராம் காட்டும். இந்த கடைசி வரி சும்மா எழுதல, "கிலோவுக்கு 90 கிராம் கம்மியா இருக்கு"ன்னு தராசோட போட்டோ அனுப்புனவங்க நெறய பேரு. அதே மாதிரி அடியில தங்கற மண்டி. ஆஃபர்ல வாங்குன ஒருத்தங்க டின்ன கவுத்து கடைசி கரண்டி எண்ணெய படம் புடிச்சு "அழுக்கு எண்ணெய்"னு அனுப்பி பணத்த திருப்பிக் கேட்டாங்க, குடுத்துட்டேன். இப்ப சீட்டுலயே "அடியில கொஞ்சம் மண்டி இருக்கும், எள்ளோட துகள்தான், கடைசி ரெண்டு கரண்டிய தாளிக்காம விட்டுடுங்க"ன்னு எழுதுறேன். அதே மண்டிய பாத்துட்டு "நீங்க எழுதுன மாதிரியே இருக்குங்க்கா"ன்னு மெசேஜ் வருது. எண்ணெய்ல எதுவும் மாறல, முன்னாடியே சொல்லிட்டேன், அவ்வளவுதான். அதுக்காக மண்டி இருந்தாலே சுத்தமான எண்ணெய்னு நான் சொல்ல மாட்டேன், சரியா தெளிய வெக்கலன்னாலும் மண்டி வரும். அப்புறம் தயவுசெஞ்சு "கொலஸ்ட்ரால் இல்லாதது"ன்னு பெருமையா போடாதீங்க, எந்த தாவர எண்ணெய்லயும் கொலஸ்ட்ரால் கெடையாது. மூட்டு வலி போகும், சர்க்கரை கொறையும்னு போடுறது சட்டப்படியும் தப்பு.

சீட்டுல ஒரு கஷ்டம், ஆர்டர் மெதுவாத்தான் ஏறுது. முதல் ரெண்டு மாசம் ஆஃபரே போட்டிருக்கலாமோன்னு கூட தோணுச்சு. ஆனா வாங்குனவங்க திரும்ப வர்றப்ப விலைய பத்தி பேச்சே இல்ல, "இந்த தடவ எப்ப ஆட்டுனீங்க?"ன்னுதான் கேக்கறாங்க. பெரிய ஆன்லைன் தளங்கள்ல இது எடுபடுமான்னு என்னால அடிச்சு சொல்ல முடியாது, அங்க மூணு மாசம்தான் இருந்தேன், பக்கத்து பக்கத்துல விலைய வெச்சு பாக்கற எடத்துல சீட்டு எழுதுறவங்களுக்கு எடம் கம்மிதான்னு பட்டுச்சு. சொந்த வாட்ஸ்அப் லிஸ்ட்டு வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும் இத தைரியமா சொல்லுவேன்.

வர்ற தீபாவளிக்கும் விலைய தொடப்போறதில்ல. நல்லெண்ணெய் டின்னோட 200 மில்லி கடலை எண்ணெய் வெச்சு அனுப்பலாம்னு இருக்கேன். அடக்கம் 50 ரூபாய்க்குள்ள வருது, 560 அப்படியே 560ஆ நிக்குது, கடலை எண்ணெய் எப்படி இருக்கும்னு அவங்க அடுப்புலயே தெரிஞ்சிடும். சும்மா குடுக்கற குட்டி பாட்டில்தானேன்னு லேபிள் இல்லாம அனுப்பக்கூடாது, லைசன்ஸ் நம்பர், அளவு, ஆட்டுன தேதி எல்லாம் போட்டு ஒட்ட இப்பவே குடுத்துட்டேன். டீச்சரம்மாவுக்கு மொத டின்னு.