சளிப் பரிசோதனை: சாயமா, வளர்ப்பா?

ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடைக்குறைவு என்றால் காசநோயைச் சந்தேகிக்க வேண்டும். சளிக்கு சீல்-நீல்சன் என்ற முறையில் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் நீலப் பின்னணியில் காசநோய்க் கிருமிகள் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். அன்றைக்கே முடிவு சொல்லிவிடலாம். மலையிறங்கி சேலம் வருபவருக்கு அது பெரிய விஷயம். ஆனால் ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். செத்த கிருமியும் சிவப்பாகவே தெரியும்.

சளியிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளரவிட்டுப் பார்ப்பதுதான் வளர்ப்புச் சோதனை. இதற்கு ஒரு மில்லியில் உயிருள்ள கிருமிகள் 10 முதல் 100 போதும். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்றும் பார்க்கலாம். ஆனால் முட்டை கலந்த திட ஊடகத்தில், அதாவது கிருமி வளர்வதற்கான கெட்டியான சத்துக் கலவையில், 8 வாரம்வரை ஆகும்.

என்னைக் கேட்டால், முதலில் சாயம். அதில் ஒன்றும் தெரியாமல் இருமலும் விடவில்லை என்றால் வளர்ப்புக்கு அனுப்பியே ஆகவேண்டும். அப்புறம், எச்சிலைத் துப்பிக் கொடுக்காதீர்கள். காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து இருமியெடுத்த சளிதான் வேண்டும்.