சந்தா கட்டினால் ஹயெக் பரவுவாரா?

முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, பொருளியல் சங்கத்தில் சேர்ந்தால் ஆஸ்திரியப் பள்ளிக்கு ஏதாவது நல்லது நடக்குமா, இல்லை தண்டச் செலவா?" ஆஸ்திரியப் பள்ளி என்பது பள்ளிக்கூடம் இல்லை; வியன்னாவில் பிறந்த, அரசுத் தலையீட்டைவிடச் சந்தையை நம்புகிற பொருளியல் சிந்தனை மரபு. மீசஸும் ஹயெக்கும் அதன் பெரிய பெயர்கள். நானும் அந்தப் பக்கம்தான். சந்தா உயர்ந்திருப்பதாக மின்னஞ்சல் வந்த அதே வாரத்தில் தம்பி கேட்டிருக்கிறார். பதிலில் கொஞ்சம் கடுப்பு கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அமெரிக்காவில் பாடம் நடத்தத் தொடங்கியதிலிருந்து இரண்டு இடங்களில் உறுப்பினராக இருக்கிறேன். ஒன்று, 1996இல் தொடங்கிய ஆஸ்திரியப் பொருளியல் மேம்பாட்டுச் சங்கம். ஆண்டுதோறும் தெற்குப் பொருளியல் சங்கத்தின் மாநாட்டோடு ஒட்டிக்கொண்டு கூடும். இன்னொன்று ஒரு வட்டாரச் சங்கம், பெயர் வேண்டாம். கடுப்பெல்லாம் இதன் மேல்தான்.

இந்த வட்டாரச் சங்கத்தின் மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பும்போது, அது எந்தத் துறையைச் சேர்ந்தது என்று காட்டும் வகைக் குறியீடு கேட்பார்கள். அமெரிக்கப் பொருளியல் சங்கம் உருவாக்கிய பட்டியல் அது. உலகம் முழுக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதில் ஆஸ்திரியப் பள்ளிக்கென்றே பி53 இருக்கிறது, மார்க்சியத்துக்கு பி51, நிறுவனப் பொருளியலுக்கு பி52 என்று பக்கத்திலேயே. நமக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்களே என்று முதலில் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் பி53 என்று போட்ட கட்டுரைகளையெல்லாம் அமைப்பாளர்கள் ஒரே அமர்வில் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். அதுவும் கடைசி நாள் காலையில். பாதிப் பேர் பெட்டியோடு விமான நிலையத்துக்குக் கிளம்பியிருப்பார்கள். அறையில் மிச்சமிருப்பது கட்டுரை வாசிக்கப்போகிற நாங்களும், எங்களில் ஒருவருடைய மாணவரும். சொந்தக்காரர்கள் மட்டும் வந்த கல்யாணத்தில் ஒருவருக்கொருவர் மொய் எழுதிக்கொள்வது மாதிரி, நான் அவர் கட்டுரையைப் பாராட்ட, அவர் என் கட்டுரையைப் பாராட்டுவார். மத்திய வங்கியை எல்லாரும் சேர்ந்து திட்டுவோம். யார் மனம் மாறியது இங்கே?

நியாயமாகவும் பேச வேண்டும். ஒரு முறை, எங்கள் பள்ளியைச் சேர்ந்த கிர்ஸ்னரின் தொழில்முனைவுக் கோட்பாட்டை வைத்து எழுதிய கட்டுரைக்கு பி53ஐ விட்டுவிட்டு, தொழில்முனைவுக்கான எல்26ஐப் போட்டு அனுப்பினேன். நல்ல நேரம், நிறைந்த அறை, ஒருவரையும் எனக்குத் தெரியாது. கருத்துரைக்க வந்தவர் தரவுகளோடு மல்லுக்கட்டுகிறவர். கட்டுரையை வரிவரியாகப் படித்திருந்தார். "லாப வாய்ப்பைக் கண்டுகொள்ளும் விழிப்பு என்கிறீர்களே, அதிர்ஷ்டத்திலிருந்து அதை எப்படிப் பிரித்துக் காட்டுவீர்கள்?" என்று கேட்டார். எங்கள் ஆட்கள் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. பதில் தேடியே கட்டுரையைப் பாதிக்கு மேல் மாற்றி எழுதினேன். சந்தாவுக்குக் கிடைத்த பெரிய பலன் அதுதான்.

பதவியால் பரவுமா என்று கேட்டால், வரலாறு உதவவில்லை. வியன்னாவில் மீசஸின் கருத்தரங்கில் உட்கார்ந்து வளர்ந்த ஹாபர்லர் 1963இலும் மக்லுப் 1966இலும் அமெரிக்கப் பொருளியல் சங்கத்துக்கே தலைவர்கள். 1969இல் மீசஸையும் அது சிறப்பு உறுப்பினராகக் கௌரவித்தது. ஆனால் அந்த அறுபதுகளில்தான் பள்ளி படுத்தே விட்டது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மீசஸுக்குச் சம்பளம்கூட வெளியார் பணத்தில்தான் வந்தது. மறுபடி உயிர் வந்தது 1974 ஜூனில், வெர்மான்ட் மாநிலத்தின் சவுத் ராயல்டன் என்ற சிற்றூரில் கூடிய சிறிய மாநாட்டில். ராத்பார்ட், கிர்ஸ்னர், லாக்மன் என்ற ஆஸ்திரியப் பொருளியலாளர்கள் மூவரும் பேசினார்கள். நடத்தியது தொழில்முறைச் சங்கம் எதுவும் இல்லை, ஒரு தனியார் ஆய்வு நிறுவனம். சில மாதங்களில் ஹயெக்குக்கு நோபல் பரிசு. அதையும் அரசுத் தலையீட்டை ஆதரித்த மிர்டாலோடு பங்குபோட்டுக்கொண்டார் என்பது தனி வேடிக்கை.

அதற்காகச் சங்கங்களை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. சவுத் ராயல்டன் மூட்டிய ஆர்வம் அணையாமல் இருந்ததற்கு, அடுத்த தலைமுறை பல்கலைக்கழக வேலைகளுக்குள் நுழைந்ததும் ஒரு காரணம். வேலைக்குக் கட்டுரைகள் வேண்டும், மாநாடுகள் வேண்டும், பரிந்துரைக்க நாலு பேர் வேண்டும். எங்கள் பள்ளியைச் சேர்ந்த பீட்டர் போட்கி தெற்குப் பொருளியல் சங்கத்தின் தலைவராகவே இருந்தார். அவருடைய மாணவர்கள் இன்று பல துறைகளில் பாடம் நடத்துகிறார்கள். சங்கம் பரப்பியது என்று சொல்ல மாட்டேன். கதவு திறந்திருந்தது, நுழைந்தவர்கள் உழைத்தார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, வட்டாரச் சங்கத்தின் சந்தாவை இந்த ஆண்டு நான் புதுப்பிக்கப் போவதில்லை. எல்26 அமர்வு போல இன்னொன்று கிடைக்கலாம், தெரியும். இருந்தாலும் கடைசி நாள் காலை அறைக்குக் கூடுதல் காசு கொடுக்க மனம் வரவில்லை.

தம்பி, நீங்கள் சேருங்கள். மாணவர் சந்தா குறைவுதான். ஆஸ்திரியச் சங்கத்தில் டான் லவோய் நினைவு மாணவர் கட்டுரைப் போட்டி இருக்கிறது, அதற்கு எழுதுங்கள். அப்புறம், மற்ற மாநாடுகளுக்கு அனுப்பும்போது பி53ஐ மட்டும் தொடாதீர்கள்.