காது கிளினிக்ல கத்திக் கூப்புடுறாங்க

இந்தத் தடவை பினாங்கு போனதுல சாப்பாடு, ஃபெர்ரி, தண்ணீர்மலை எல்லாம் வழக்கம்போலதான், அத விடுங்க. காது காட்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன் பாருங்க, அந்தக் கூத்தைத்தான் சொல்லணும். சின்ன வயசுல இடது காதுல சீழ் வடிஞ்சுக்கிட்டே இருந்த ஆளு நான்.

காது கேக்காதவங்க வர்ற இடத்துல நம்பர் காட்ட ஒரு ஸ்கிரீன் இல்லீங்க! மிஸ்ஸி (நர்ஸம்மா) கதவைப் பாதி திறந்து, மாஸ்க்கைக் கழட்டாம, மலாய்ல நம்பரைக் கத்திட்டு டக்குனு உள்ள போயிடுறாங்க. என்னோடது 25. ‘தீகா’ன்னா மூணு, ‘லீமா’ன்னா அஞ்சு, ரெண்டும் மாஸ்க்குக்குள்ளேர்ந்து வந்தா எனக்கு ஒண்ணுதான், 23ன்னு கூப்புட்டதுக்கு நான் எந்திரிச்சுப் போனா ‘நீங்க இல்ல அங்கிள்’னு திருப்பி அனுப்புறாங்க, நெசமான 23 இந்தோனேசியாவுல மேடான்லேர்ந்து வந்த ஒரு பெரியவரு, அவரும் காதுல விழாம போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. பக்கத்துல ரெண்டு காதுலயும் மெஷின் மாட்டுன ஒரு பாட்டி, “தம்பி, வாயைப் பாக்காத, மிஸ்ஸி கையில உள்ள ஃபைலைப் பாரு, உன்னோடது என்ன கலரு?”ங்குறாங்க. அவங்க சிஸ்டம்தான் வேலை செஞ்சுச்சு!

லண்டன்ல ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்லகூட பேரு போர்டுல ஓடும். ஆனா அங்க ஸ்பெஷலிஸ்ட்னா காத்திருக்க 18 வாரம்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, அதையும் தாண்டி இழுக்கும். இங்க அன்னைக்கே கேமராவ விட்டு டிவில காட்டிட்டாரு டாக்டரு. செவிப்பறையில சுண்ணாம்பு தீட்டுன மாதிரி வெள்ளைத் திட்டு, பழைய சீழோட தழும்பாம், டிம்பனோஸ்கிளிரோசிஸ்னு பேரு. அது பறையோட நின்னுட்டா கேக்குறது பெருசா கொறையாது, உள்ள இருக்கிற குட்டி எலும்புங்களையும் புடிச்சு இறுக்கிட்டாத்தான் கொறையும். எனக்குப் பறையில முன்ன இருந்த ஓட்டை மூடுன எடம் வேற மெல்லிசாகி உள்வாங்கியிருக்கு, ஏன்னா பறையோட நடு அடுக்கு திரும்ப வளரலயாம். அந்தக் குழி ஆழமாயி தோல் அழுக்கு சேர்ந்தா கொலஸ்டியாட்டோமாங்குற தோல் கட்டி வந்து எலும்பையே அரிச்சிடும், அதனால வருஷா வருஷம் பாக்கணும்னாரு.

கூட வந்த அம்மா விடல. “பூண்டு போட்டு எண்ணெய் காச்சி ஊத்தலாமா டாக்டர்?” வேணவே வேணாம்னுட்டாரு. வெளிய வந்ததும், “அப்பல்லாம் அதுலதான்டா உனக்குச் சரியாச்சு”ங்குறாங்க. சரியான காதுக்குத்தான் இப்ப பில்லு கட்டிட்டு வர்றோம்!