சொல்லிவிட்டு நிற்கும் வண்டி, சொல்லாமல் நிற்கும் வண்டி: நான்கு குடும்ப வண்டிகளின் பழுதுகள்

சிங்கப்பூரில் ஏழு பேர் அமரும் வண்டி வாங்கப் போகிறவர் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடுதான் காட்சிக்கூடத்துக்குள் நுழைகிறார்: மாதத் தவணை எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு குடிக்கும், மூன்றாம் வரிசையில் பாட்டியை உட்கார வைக்க முடியுமா. ஆறாம் ஆண்டிலோ ஏழாம் ஆண்டிலோ அந்த வண்டிக்கு எந்த மாதிரியான பழுது வரும் என்ற கேள்வியை அங்கே யாரும் கேட்பதில்லை. நானும் முதல் முறை கேட்கவில்லை. அந்த வண்டியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. ஜோகூர் பாருவில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் இரண்டு மணி நேரம் ஊர்ந்த பிறகு, என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க, கியர் மட்டும் விழ மறுத்துவிட்டது. முந்தைய நாள் வரை ஓர் உறுமலோ உதறலோ இருந்ததில்லை. வண்டி பழுதானதைவிட, பழுதாகப் போகிறது என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பழுதானதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

ஆகவே இந்த ஒப்பீட்டில் நான் முக்கியமாகப் பார்ப்பது, பழுது வருமுன் வண்டி நமக்கு எவ்வளவு அவகாசம் தருகிறது என்பதைத்தான். எடுத்துக்கொண்டவை நான்கு: ஃபோக்ஸ்வாகன் டூரான், ஹோண்டா ஃப்ரீட் ஹைபிரிட், நிசான் செரீனா, டொயோட்டா சியன்டா ஹைபிரிட். என்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் முறையில் இவை வேறுபடுகின்றன; பெரிய செலவு வைக்கும் தொல்லைகளில் பெரும்பங்கும் அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

டூரானில் தொடங்குகிறேன். 1.4 லிட்டர் டர்போ என்ஜின் கொண்ட டூரான் ஒரு காலத்தில் இங்கே நிறையப் பேரை ஈர்த்ததற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் கார் வைத்திருக்க சிஓஇ என்னும் பத்தாண்டு உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும்; 2014 பிப்ரவரியில் 97 கிலோவாட் என்ஜின் திறன் வரம்பு சேர்க்கப்படும் வரை, 1,600 சிசிக்கு உட்பட்ட எந்தக் காரும் சிறிய கார்களுக்கான 'ஏ' பிரிவு சிஓஇ-க்குத் தகுதி பெற்றது. சிறிய என்ஜினில் பெரிய விசை தரும் ஐரோப்பிய வண்டிகளுக்கு அது வசதியாக அமைந்தது. இந்த வண்டியில் அமர்ந்திருப்பது டிக்யூ200 எனப்படும் ஏழு வேக டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படை கியர்களுக்கு ஒன்று என இரண்டு கிளட்ச்சுகள். இரண்டும் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச்சுகள். அவற்றை இயக்குவது மெக்கட்ரானிக் என்னும் பகுதி. மின்னணுப் பலகை, எண்ணெய் அழுத்தம் தரும் பம்ப், வால்வுகள் யாவும் அதற்குள் ஒரே கூட்டில் இருக்கின்றன.

இந்தக் கியர்பாக்ஸின் குறை ரகசியமானது அன்று. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனமே உலகெங்கும் ஏறத்தாழ 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கியர்பாக்ஸிலிருந்த செயற்கை எண்ணெய், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில், அதிலும் நின்று நின்று நகரும் போக்குவரத்தில், மின்கோளாறை உண்டாக்கி வண்டியை உந்துவிசை இழக்கச் செய்யக்கூடும் என்பதால் அதற்குப் பதிலாகக் கனிம எண்ணெய் ஊற்றப்பட்டது. வெப்பம், ஈரப்பதம், நின்று நின்று நகர்தல் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொன்னால் மாலை ஆறரை மணித் தீவு விரைவுச்சாலையைத்தானே சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. மெக்கட்ரானிக் பகுதி கெடும்போது அது படிப்படியாகக் கெடுவதில்லை; கருவிப் பலகையில் கியர் எழுத்துகள் மின்னத் தொடங்கிய சில நிமிடங்களில் வண்டி ஓரங்கட்ட வேண்டிய நிலைக்கு வந்துவிடலாம். உலர் கிளட்ச் தேய்வது மட்டும் கொஞ்சம் நாகரிகமானது: முதல் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது ஏற்படும் நடுக்கம் மாதக் கணக்கில் வளர்ந்து காட்டும்.

ஆனால் டூரானைக் குறை சொல்லிவிட்டு நகர்வது நியாயமாகாது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் முழுக் குடும்பத்தோடு போகும்போது, ஒப்பிட்ட நான்கில் நிலத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவது இதுதான் என்பது என் அனுபவம். உயர் வேகத்தில் ஒரே கியரில் ஓடும்போது உலர் கிளட்ச்சுக்கு வேலையே இல்லை. அது உழைப்பது ஊர்ந்து செல்லும்போதுதான். ஒரே வண்டியை வைத்திருக்கும் இருவரில் ஒருவர் புகழ்வதும் மற்றவர் சபிப்பதும் இதனால்தான். அவர்கள் ஓட்டும் சாலைகள் வேறு.

ஃப்ரீட் ஹைபிரிட்டில் உள்ள ஐ-டிசிடி அமைப்பும் இரட்டை உலர் கிளட்ச் கொண்ட ஏழு வேகக் கியர்பாக்ஸ்தான் என்பது, அதை வாங்குகிற பலருக்கும் தெரிவதில்லை. ஹைபிரிட் என்ற சொல்லைக் கேட்டதும் டொயோட்டாவின் அமைப்பையே எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். ஹோண்டாவோ ஒற்றைப்படை கியர்கள் இருக்கும் தண்டோடு ஒரு மின்மோட்டாரை இணைத்தது. மின்கலத்தில் போதிய மின்சாரம் இருந்தால் வண்டி மோட்டாரால் மெதுவாக நகரத் தொடங்கும். கிளட்ச் உரசலுக்கு வேலை குறைவு. மின்சாரம் தீர்ந்திருந்தால் கிளட்ச் உரசித்தான் நகர வேண்டும். வெயிலில், ஏர்கான் முழுவீச்சில் ஓட, ஜோகூர் பாருவுக்குப் போகும் கடற்பாலத்தில் ஓர் அடி ஓர் அடியாக நகரும்போது நடப்பது இந்த இரண்டாவதுதான். அப்போது கியர்பாக்ஸ் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கை திரையில் வரும். வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் மீண்டும் ஓடும்.

இந்த அமைப்பு முதலில் வந்த 2013, 2014 ஆண்டுகளில், ஹோண்டாவின் ஃபிட், வெசல் ஹைபிரிட் வண்டிகள் ஜப்பானில் பல முறை திரும்ப அழைக்கப்பட்டன. கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் மென்பொருளே அவற்றில் முக்கியக் காரணமாக இருந்தது. இரண்டாம் தலைமுறை ஃப்ரீட் 2016 செப்டம்பரில்தான் வெளிவந்தது என்பதால் அந்த முதல் பாடங்களுக்குப் பிறகு பிறந்த பிள்ளை என்று அதைச் சொல்லலாம். இருந்தாலும் 2024-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் ஹோண்டா இந்த இரட்டைக் கிளட்ச்சைக் கைவிட்டு, இரு மோட்டார்கள் கொண்ட இ:ஹெச்இவி அமைப்புக்கு மாறிவிட்டது. தயாரித்தவர்களே விட்டு விலகிய ஒன்றை, பழைய வண்டியாக வாங்கும் நாம் சற்று யோசித்துத்தான் வாங்க வேண்டும். அதிகாரபூர்வ முகவர் அல்லாத இணை இறக்குமதியாளர் வழி வந்த ஃப்ரீட் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இறக்குமதியாளரின் உத்தரவாதம் எந்தப் பட்டறையில் செல்லும், அந்தப் பட்டறையில் இந்தக் கியர்பாக்ஸின் மென்பொருளைப் புதுப்பிக்கும் கருவி இருக்கிறதா என்பது. வெறும் மென்பொருள் சரிசெய்தலும் கிளட்ச் அளவு மறுபதிவும் தேவைப்படுகிற வண்டிக்கு, கருவி இல்லாத பட்டறைக்காரர் கிளட்ச்சையே மாற்றச் சொல்லிவிடலாம்.

செரீனாவை இரண்டாகப் பிரித்துத்தான் பேச வேண்டும். பெட்ரோல் செரீனாவில் இருப்பது சிவிடி. இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓர் எஃகுப் பட்டை அழுத்திப் பிடிக்கப்பட்டு, கப்பிகளின் அகலம் மாறுவதால் வேக விகிதம் மாறுகிறது. பட்டை வழுக்காமல் இருப்பது முழுக்க எண்ணெயின் அழுத்தத்தையும் தரத்தையும் சார்ந்தது. எண்ணெய் சூட்டில் கெட்டால் பட்டை வழுக்கும், கப்பியில் கீறல் விழும், அதன் பிறகு எண்ணெய் மாற்றிப் பயனில்லை. நிசானின் சிவிடி பற்றிய புகார்களும் பழையவை. அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான மாடல்களின் சிவிடிக்கு அந்த நிறுவனம் உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் என்று நீட்டிக்க வேண்டியிருந்தது. ஏழு பேர், ஒரு பிள்ளை வண்டி, பொங்கலுக்கு வாங்கிய கரும்புக்கட்டு என்று ஏற்றிக்கொண்டு வெயிலில் ஊர்கிற உயரமான பெட்டி வண்டியில் அந்த எண்ணெய் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் சிவிடி ஒரு விதத்தில் நேர்மையானது. முடுக்கும்போது ஒரு சீழ்க்கைச் சத்தம், மணிக்கு 20 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் சன்னமான அதிர்வு, பாலத்தில் ஏறும்போது என்ஜின் சுழற்சி எகிறியும் வேகம் கூடாமை என்று வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், அது முறையிட்டுக்கொண்டே இருக்கும். காக்கி புக்கிட்டில் எனக்குப் பழக்கமான மலேசியத் தமிழ் மெக்கானிக், "அண்ணே, புக்குல என்ன போட்டிருந்தாலும் சரி, நம்ம ஊர் சூட்டுக்கு நாற்பதாயிரத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்திடுங்க," என்பார். அவர் சொன்னதைக் கேட்டு நடந்தவர்களின் வண்டிகளையும் கேட்காதவர்களின் வண்டிகளையும் பார்த்த பிறகு, அதை எண்ணெய் விற்கும் தந்திரம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

2018-இல் ஜப்பானில் வந்த செரீனா இ-பவரில் இந்தச் சிக்கலே இல்லை. அதில் 1.2 லிட்டர் என்ஜின் மின்சாரம் உற்பத்தி செய்வதோடு நின்றுவிடுகிறது. சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார் மட்டுமே. பட்டையும் இல்லை, கிளட்ச்சும் இல்லை.

சியன்டா ஹைபிரிட்டின் கியர்பாக்ஸைப் பற்றி எழுதச் செய்தி குறைவு என்பதே அதன் பெருமை. 2015-இல் வந்த இரண்டாம் தலைமுறைச் சியன்டாவில், முதல் தலைமுறை ப்ரையஸ் காலத்திலிருந்து வரும் 1.5 லிட்டர் என்ஜினும் இரண்டு மின்மோட்டார்களும் ஒரு கோள் பற்சக்கரத் தொகுதியால் இணைக்கப்பட்டிருக்கின்றன. இ-சிவிடி என்று பெயர் இருந்தாலும் அதில் பட்டை கிடையாது. தேய்வதற்குக் கிளட்ச் கிடையாது. தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்ட்டர்னேட்டரும்கூடக் கிடையாது. இல்லாத பாகம் பழுதாவதில்லை.

தொல்லை வருவது மின்கலத்தில். இந்தத் தலைமுறையில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலம். வரிசையாக இணைந்த செல் தொகுதிகளில் ஒன்று தளர்ந்தாலும் முழு வரிசையும் தளர்ந்ததாகக் கணினி எடுத்துக்கொள்ளும். அது தளரும் விதம் கவனிக்கத் தக்கது. திரையில் மின்கலப் பட்டைகள் வழக்கத்தைவிட வேகமாக ஏறி இறங்கும்; பின்னிருக்கைப் பக்கம் விசிறியின் இரைச்சல் கூடும்; சிவப்பு விளக்கில் நிற்கும்போது என்ஜின் அடிக்கடி விழித்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே இவை தொடங்கிவிடுகின்றன. மின்கலத்தைக் குளிர்விக்கும் விசிறி பயணிகள் அமரும் பகுதியிலிருந்தே காற்றை இழுப்பதால், பிள்ளைகள் சிந்திய முறுக்குத் தூளும் பாட்டியின் சேலை நூலும் வடிகட்டியை அடைத்து, மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கின்றன என்பதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை; என் வண்டியின் வடிகட்டியை நானே கழற்றிப் பார்த்திருக்கிறேன். கெட்ட செல்லை மட்டும் மாற்றித் தருகிறோம் என்று மலிவாகச் சொல்லும் பட்டறைகளை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. பழைய செல்களுக்கு நடுவே ஒரு புதியது வந்து உட்கார்ந்தால், அடுத்துத் தளர்ந்திருப்பது சில மாதங்களில் தலைகாட்டும்.

டொயோட்டா ஹைபிரிட் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றும் யாரும் எண்ண வேண்டாம். சியன்டாவைவிடப் பெரிதாக வேண்டும் என்று நோவா, வோக்ஸி ஹைபிரிட் பக்கம் போகிறவர்கள், 2014-இல் வந்த அந்தத் தலைமுறையின் 1.8 லிட்டர் என்ஜின் மூன்றாம் தலைமுறை ப்ரையஸின் என்ஜின்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ப்ரையஸில், வெளியேறும் புகையின் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் அமைப்பு புகைக்கரியால் அடைபடுவதும், அதைத் தொடர்ந்து என்ஜினின் தலைப்பகுதியை அடைத்து மூடும் ஹெட் கேஸ்கெட் போவதும் பேர்பெற்ற நோய்கள். காலையில் முதல் முறை என்ஜின் எழும்போது வண்டி குலுங்கினால், குளிர்நீர் காரணமின்றிக் குறைந்தால், அன்றே பட்டறைக்குப் போய்விடுவது நல்லது.

கதவு, ஏர்கான் இரண்டையும் சுருக்கமாக முடிக்கலாம். டூரானுக்குச் சாதாரணக் கதவுகள், 2.4 மீட்டர் அகலமுள்ள வாகன நிறுத்தக் கட்டத்தில் அடுத்த வண்டியை இடிக்காமல் முதியவரை இறக்குவது ஒரு கலை. மற்ற மூன்றுக்கும் நகர்கதவுகள். வசதிக்கு விலையாக அவற்றின் கம்பிவடம் நைந்துபோதல், உருளை தேய்தல், மோட்டார் தளர்தல் ஆகியவை வரும். ஏர்கானின் கூலிங் காயிலில் வரும் கசிவு எல்லா வண்டிக்கும் பொது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே சிஓஇ என்னும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு ஊரில் கியர்பாக்ஸ் போனால் சரிசெய்து இன்னும் எட்டு ஆண்டு ஓட்டலாம். இங்கே எட்டாம் ஆண்டில் போனால், மிச்சமிருக்கும் இரண்டு ஆண்டுகளுக்காகச் சில ஆயிரம் வெள்ளி போடுவதா, ஹாஃப் கட் எனப்படும், பாதியாக வெட்டி உதிரிபாகத்துக்கு விற்கும் பழைய வண்டியிலிருந்து எடுத்த கியர்பாக்ஸைப் பொருத்தி ஒப்பேற்றுவதா, பதிவை நீக்கி அரசு திருப்பித் தரும் கழிவுத்தொகையை வாங்கிக்கொள்வதா என்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது. பத்தாம் ஆண்டில் சிஓஇ-யைப் புதுப்பித்தால் பதிவுக் கட்டணக் கழிவு போய்விடும். சாலைவரியில் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை கூடுதல் ஏறும். பரிசோதனையும் ஆண்டுதோறும் வரும். இந்தக் கணக்கில்தான் அவகாசம் பணமாகிறது. உதறத் தொடங்கிய சிவிடியும் தளரத் தொடங்கிய மின்கலமும், விலை விசாரிக்கவும் விற்பதா வைப்பதா என்று முடிவெடுக்கவும் நாள் தருகின்றன. மெக்கட்ரானிக் அந்த நாளைத் தருவதில்லை. இழுவை வண்டியில் ஏறியபின் பேரம் பேச நமக்கு என்ன பலம் இருக்கிறது?

நான் இப்போது வைத்திருப்பது சியன்டா. தினமும் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, அம்மாவைத் தேக்கா சந்தைக்கு அழைத்துப் போய், மாதம் ஒருமுறை ஜோகூர் பாரு போய்வரும் குடும்பத்துக்கு இதையே சொல்வேன். ஆறடி உயரப் பையன்கள் மூன்றாம் வரிசையில் உட்கார வேண்டிய வீடு என்றால், எண்ணெய் மாற்றிய ரசீதுகள் முழுதாக இருக்கும் செரீனா, அல்லது பணம் இடம் கொடுத்தால் இ-பவர். ஐ-டிசிடி ஃப்ரீட் நல்ல வண்டிதான். கடற்பாலத்தை அடிக்கடி கடக்கிறவருக்கு மட்டும் வேண்டாம்.

என் மைத்துனர் போன ஆண்டு, பல ஆண்டு ஓடிய டூரான் ஒன்றை வாங்கினார். ஈப்போவில் பெண்ணெடுத்தவர், மாதம் இரு முறை, சோதனைச்சாவடியில் கூட்டம் சேருமுன் விடியற்காலை நான்கு மணிக்கே புறப்பட்டுவிடுவார், உள்ளூரில் எம்ஆர்டி ரயில்தான். நான் தடுக்கவில்லை. அந்த வண்டிக்குத் திரும்ப அழைப்பு ஏதும் பாக்கி இருக்கிறதா என்று நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் பார்க்கச் சொன்னேன். கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய ரசீதை விற்பவரிடம் கேட்டு வாங்கச் சொன்னேன். ரசீது கைக்கு வந்த பிறகுதான் முன்பணம் கொடுத்தார்.