லிக்விடா, வலையா, புகையா, தொட்டி மூடியா? கொசுவுக்குச் சென்னை வீட்டில் எது உதவும்?

சென்னையில் இரவுத் தூக்கத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசுக்கள். கூவம், பக்கிங்காம் கால்வாய் மாதிரி சாக்கடை கலந்த நீரில் பெருகுபவை. யானைக்கால் நோய் இவற்றால் வரலாம், டெங்கு வராது. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. காலையிலும் பொழுது சாயும் முன்பும் அதிகம். மலேரியாக் கொசுவான அனாபிலிஸ் ஸ்டீபன்சி, கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் வளர்ந்து இரவில் கடிக்கும்.

நாம் வாங்கும் பொருட்களை இந்தக் கணக்கில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கொசுவர்த்திச் சுருளும், பிளக்கில் செருகும் லிக்விடும் இரவுக்கு ஓரளவு உதவும். இரண்டில் ஒன்று என்றால் லிக்விட்தான். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. குழந்தை தூங்கும் மூடிய அறையில் தயவுசெய்து அதைக் கொளுத்தாதீர்கள். ஆனால் லிக்விடையும் இரவில் மட்டும் போட்டால் ஏடிஸுக்குப் பகல் முழுக்கக் கதவு திறந்தேதான் இருக்கிறது.

ஜன்னல் வலை இரண்டு நேரத்துக்கும் காவல். செலவு ஒருமுறைதான், காற்றும் வரும். வாடகை வீட்டில் அடிக்க முடியாவிட்டால் கட்டில் வலை போதும். பகலில் தூங்கும் கைக்குழந்தைக்கும், காய்ச்சலில் படுத்திருப்பவருக்கும் அதைப் பகலிலேயே கட்டுங்கள். டெங்கு வந்தவரைக் கடித்த கொசுதான் அடுத்தவருக்குக் கொண்டுபோகும். வெளியே போகும் பிள்ளைகளுக்கு டீட் (DEET) என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த க்ரீம் நல்லது. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும் தடவக் கூடாது.

தெருவில் புகை அடிக்கவில்லை என்ற புகார் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கேட்கும். காய்ச்சல் பரவும் தெருவில் அதற்கு ஒரு வேலை உண்டு. ஆனால் பறக்கும் கொசுவைத்தான் அது கொல்லும். ஏடிஸ் கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும். புகை வண்டிச் சத்தம் கேட்டதும் நாமும் ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். தண்ணீரில் இருக்கும் கொசுப்புழுவுக்கும் முட்டைக்கும் புகையால் ஒன்றும் ஆகாது.

என் ஓட்டு, தேங்கிய தண்ணீரை ஒழிப்பதற்குத்தான். வெயில் ஊரில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருநாள் ட்ரம், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஏடிஸ் ஒட்டிவைத்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரியும். அப்புறம் மேல்தொட்டி: மூடி இறுக்கமாக இருந்தாலும் ஓவர்ஃப்ளோ குழாய் திறந்திருந்தால் கொசு உள்ளே போய்விடும். அதன் வாயில் ஒரு துண்டு நைலான் வலையை வைத்துக் கட்டுங்கள். தரைக்கடித் தொட்டியான சம்பின் குழாய்க்கும் அதேதான்.